பெண் பார்க்க வந்தவர்கள்

"உங்க பொண்ணப் பாக்க வந்தோமுங்க" என்று பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் வாசலில் வந்து நின்றதும், மாதவராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தரகர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"உக்காருங்க. மலர்விழி கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா" என்றவர், தாம் உட்கார முடியாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

"மூளை நரம்பு ஆராய்ச்சிப் படிப்பாமுங்க? முடிய வருசக்கணக்கா ஆவுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

இதே கேள்வியில்தான் முன்பு வந்த வரன்கள் தட்டிப்போயின. மாதவராஜ் துணிந்து பொய் சொன்னார்.

"அதப் பத்திக் கவலப்படாதீங்க. அடுத்த மாசமே நிறுத்திருவா."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, நிறுத்திட்டா நாங்க எங்கீங்க போவோம்? இவருக்குக் கை நடுக்க வியாதி. பாப்பா அதப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணுதுன்னு பாப்பிரெட்டிப்பட்டி ஆசுபத்திரியில சொன்னாங்க. இவரையும் அதுல சேத்துக்கச் சொல்லிக் கேக்கத்தான் வந்தோம்."

பெரியவர் மடியில் அழுத்திப் பிடித்திருந்த வலக்கையை விட்டார். அது தானாக ஆடியது.

மாதவராஜ் அந்தக் கையைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்த மாட்டாளுங்க" என்றார். "நான் நிறுத்த வுடமாட்டேன்."