ஜோடி மாற்றம்

“வெரி ஃப்ரீஸிங்!” என்றார் ஃபெர்மின், ஜன்னலைக் காட்டி.

ஆங்கில வகுப்பு சிரித்தது.

பெகோன்யாவுக்குப் பொறுக்கவில்லை. “கோல்டுக்குத்தான் வெரி. ஃப்ரீஸிங்னாலே குளிரோட உச்சம். அதுக்கு மேல ஏது வெரி? அப்ஸல்யூட்லி ஃப்ரீஸிங்!” என்று ஆங்கிலத்திலேயே விளக்கித் தள்ளினாள்.

“நம்ம ஸ்பானிஷ்ல எந்த ‘ரொம்ப’வுக்கும் ஒரு ‘முய்’ போட்டாப் போதும். இந்த இங்கிலீஷ்காரன் கஞ்சன்மா” என்றார் அவர்.

“நேத்து ‘வெரி எக்ஸாஸ்டட்’. முந்தாநாள் ‘வெரி பெர்ஃபெக்ட்’. உங்களுக்கு மண்டையில ஏறவே ஏறாதா?”

இடைவேளையில் பெகோன்யா, டீச்சர் அம்பாரோவைக் காபி மெஷின் பக்கம் பிடித்தாள்.

“வாய்மொழித் தேர்வுக்கு எனக்கு வேற ஜோடி குடுங்க டீச்சர்.”

“ஃபெர்மினுக்கு என்ன?”

“ரெண்டு பேரைச் சேர்த்து உக்கார வச்சுப் பேசச் சொல்வாங்க. அவர் வாய் சூரியகாந்தி விதை கொறிக்கத்தான் லாயக்கு. சர்டிபிகேட் இல்லேன்னா டப்ளின் ஆஸ்பத்திரி வேலை போச்சு. இந்த அல்பசேத்தே ஊர்ல எத்தனை காலம் தற்காலிக நர்ஸாவே இருக்கறது?”

அம்பாரோ தயங்கினாள். “அவரோடயே இரு. உனக்கு நல்லது.”

“அவருக்கு நல்லது!”

ஜோடி மாறியது. சட்டம் படிக்கும் இன்யீகோ வந்தான்.

தேர்வில் இன்யீகோ ஒரு பிசகும் இல்லாமல் பொழிந்து தள்ளினான். பெகோன்யாவின் முறை வந்தது. “ஐ அக்ரீ” என்றாள். திரும்பவும் அதையே சொன்னாள். தேர்வாளர் பரிவோடு தலையசைத்தபோதே முடிவு தெரிந்துவிட்டது.

வெளியே வந்தாள். அடுத்த அறையில் தேர்வாளர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு குரல், அருவி மாதிரி ஆங்கிலம்.

கதவு திறந்தது. வந்தவர் ஃபெர்மின்.

அவள் முகத்தைப் பார்த்து நின்றார். “வெரி டெரிபிள்” என்றார் மெதுவாக.

அவள் திருத்தவில்லை. அவர் போனதும், வராந்தாவில் நின்ற அம்பாரோவிடம் போனாள்.

“அந்த ஆளுக்கு எப்படி டீச்சர்…?”

“இங்கிலாந்துல, லீட்ஸ்ல வருஷக்கணக்கா பஸ் ஓட்டினவர். ஓட்டல் வேலைக்கு சர்டிபிகேட் கேட்டாங்கன்னு வந்தார். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னார்.”

“அப்போ அந்தத் தப்பெல்லாம்?”

“வந்த புதுசுல நீ வாயே திறக்கல. ஒரு நாள் அவர் நிஜமாவே வாய் தவறி ஒரு ‘வெரி’ போட்டார். திருத்தறதுக்காக நீ பேசினே. அதுக்கப்புறம் அந்தத் தப்பை அவர் விடவே இல்ல.”