பதினேழாவது பெயர்

செய்தியில் வரும் எந்த எண்ணையும் ஒரு மனிதர் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, சென்னையில் நஸ்ரினுக்கு அந்த வேலை. அன்று காலை வந்த செய்தி, தூத்துக்குடி வெள்ளத்தில் பதினேழு பேர் இறந்துவிட்டார்கள் என்றது. கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு நின்றுபோனவர்களை இயந்திரம் எண்ணிச் சொன்ன கணக்கு அது. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தகவலும் அப்போதே போய்விட்டது.

வீடு வீடாக அழைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியாக ஒரு முதியவர் எடுத்தார்.

"செல்லையா வீடுங்களா?"

"செல்லையாதாம்மா பேசுதேன்."

நஸ்ரின் பட்டியலில் அந்தப் பெயரை மறுபடி பார்த்தாள். "ஐயா, நீங்க இறந்துட்டதா வந்திருக்கு."

"தெரியும்மா. வாட்ச் வெள்ளத்தோட போயிட்டு. மகன் எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருக்கான், ராத்திரி கனடாவுலருந்து விமானம் ஏறுதானாம். அவன் வந்து சேருற வரைக்கும் திருத்தாதீங்க."

"பாவம், அழுதுட்டிருப்பாரே. நீங்களே கூப்பிட்டுச் சொல்லலாமே."

"எட்டு வருசமா கூப்பிட்டுப் பாத்துட்டேம்மா. வரல."

தப்பென்று தெரிந்த எண்ணை அப்படியே விட அவளால் முடியவில்லை. முகம் தெரியாத அந்த மகனின் அழுகையும் மனதை அறுத்தது. பதினாறு என்று திருத்தினாள்; மகனுக்கும் புதுத் தகவல் உடனே போனது.

மறுநாள் மனம் கேளாமல் மீண்டும் அழைத்தாள். "மகன் பேசினாரா ஐயா?"

"பேசுனான். ரொம்ப சந்தோசப்பட்டான். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டானாம். உங்க கணக்கு சரியாயிட்டுல்லம்மா?"

"சரியாயிடுச்சு ஐயா."

அதற்குப் பிறகு பேச எதுவும் இல்லை. ஆனாலும் இருவரில் யாருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை.