மூன்றாவது மேசை

“மூணாவது மேசையில மறுபடியும் குவியுது பாருங்க. ஏன் குவியுது, யாராவது சொல்லுங்க.”

ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக ஆசிரியை கேட்டாள். தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. பாடம் நடத்த மாட்டாள், விளையாட்டுதான். ஐந்து மேசைகளை வரிசையாகப் போட்டுக் காகித உறை செய்யச் சொல்வாள். முதல் மேசை கோடு போடும், இரண்டாவது வெட்டும், மூன்றாவது மடிக்கும், நான்காவது ஒட்டும், ஐந்தாவது முத்திரை குத்தும். எங்கே குவிகிறதோ அங்கேதான் அடைப்பு. அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் வேலை தண்ணீராக ஓடும்.

பகல் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் ஆளெடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு ஷிப்டின் முகம் இன்னொரு ஷிப்டுக்குத் தெரியாது. விளையாடும்போது பேசக் கூடாது என்பது ஆசிரியையின் முதல் சட்டம்.

மூன்றாவது மேசையில் பகல் ஷிப்ட் பேக்கிங் பெண். அவள் முன்னால் வெட்டிய காகிதம் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் நீவி நீவி, ஏதோ கல்யாணப் பத்திரிகை மடிப்பதுபோல் மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தாற்போல் போட்டிருந்த நான்காவது மேசையில் இரவு ஷிப்ட் மெஷின்காரர் பசை பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்றில் தேறியது எட்டே உறை.

இரண்டாவது சுற்றுக்குப் பேக்கிங் பெண்ணின் பக்கத்தில் ஒரு ஆளை உதவிக்குப் போட்டாள் ஆசிரியை. குவியல் கரைந்தது. மெஷின்காரருக்குத் தலை தூக்க நேரமில்லை. முப்பத்தொரு உறை. அறையே கைதட்டியது. பேக்கிங் பெண்ணின் முகம் மட்டும் விழுந்து போயிருந்தது.

இடைவேளையில் முக்கால்வாசி நேரம் அவளை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார் மேனேஜர். பிறகு ஆசிரியையிடம் வந்தார்.

“எங்க லைன்லயே வேகமான கை இவங்களோடது மேடம். அடுத்த மாசம் லைன் லீடர் ஆக்கலாம்னுதான் அனுப்பினேன். இன்னிக்கு இப்படி மானத்தை வாங்குறாங்க. பேரை அடிச்சிடட்டுமா?”

“இன்னும் ஒரு சுற்று இருக்கே சார். பொறுங்க.”

ஆசிரியை டீயை எடுத்துக்கொண்டு மெஷின்காரர் பக்கம் போனாள். இரவெல்லாம் விழித்த கண்கள் சிவந்திருந்தன.

“ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்துட்டீங்களா? வீட்ல தேட மாட்டாங்களா?”

“என் வீட்டுக்காரியா?” அவர் சிரித்தார். “அவளோட நாலு வார்த்தை பேசியே ரொம்ப நாளாச்சு மேடம்.”

பாவம், மனைவி வேறு ஊரில் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது சுற்று ஆரம்பிக்கும்போது பேக்கிங் பெண் எழுந்து, “உதவிக்கு ஆள் வேண்டாம் மேடம், நானே பார்த்துக்கறேன்,” என்றாள்.

பழைய கதைதான். காகிதம் குவிந்தது. இந்த முறை ஆசிரியை குவியலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தாள். ஒரு மடிப்பு மடிப்பாள், நிமிர்வாள். கையில் வேலையில்லாத மெஷின்காரர் கன்னத்தில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். இருவர் முகத்திலும் ஒரே சிரிப்பு, வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று உதட்டுக்குள் மடித்து வைத்த சிரிப்பு.

ஆசிரியைக்குத் திக்கென்றது.

“ஒன்பது உறை,” என்று மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

“எழுதாதீங்க சார். நான்தான் மெதுவா செய்யச் சொன்னேன். அடைப்பு எப்படி இருக்கும்னு எல்லாரும் பார்க்கணும்ல?”

அவர் அரை மனதாகப் பேனாவை மூடினார். எல்லோரும் கலைந்த பிறகு, பேக்கிங் பெண்ணைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள் ஆசிரியை.

“உனக்காக முதல் தடவையா ஒரு வகுப்புல பொய் சொல்லியிருக்கேன். இப்ப நீ உண்மையைச் சொல்லு. வேணும்னுதானே நிறுத்தி வச்சே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமா மேடம்.”

“எதுக்கு?”

“நான் வேகமா மடிச்சா அவருக்கு வேலை வந்துடுது. குனிஞ்சுடறார். வேலை இல்லேன்னாத்தான் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.”

இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வாள் என்று ஆசிரியை எதிர்பார்க்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள்.

“இங்க பாரும்மா, உன் வேலைக்கே உலை வைக்கிற விஷயம் இது. அவருக்கு ஒரு குடும்பம் இருக்கு. பொண்டாட்டி இருக்காங்க. தெரியுமா உனக்கு?”

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சுமா?”

வெளியே இரவு ஷிப்ட் ஆட்களை வீட்டுக்கு ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மெஷின்காரர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்து, வளைவில் திரும்பி மறையும் வரை அவளும் கண்ணை எடுக்கவில்லை.

“அந்தப் பொண்டாட்டி நான்தான் மேடம்,” என்றாள். “நான் பகல் ஷிப்ட், அவர் ராத்திரி ஷிப்ட்; என் லீவு அன்னிக்கு அவர் தூங்குவார், அவர் லீவு அன்னிக்கு நான் தூங்கிடுவேன். ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு எதிரெதிரே உட்கார்ந்து ரெண்டு வருஷமாச்சு.”