ஸ்பீக்கர்

அம்மா அழைத்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். தாலி ஏறிய மறுநாளே கணவன் சேந்தன் போட்ட சட்டம் அது. தேன்மொழி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் அடுப்புக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது.

"அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போயிடும்மா. மூச்சு முட்டுது."

"மெதுவாடி! மாப்ள காதுல விழுந்துரப் போவுது."

"விழுந்துருச்சு அத்தே. எம்.எஸ்ஸி. படிச்ச திமிரு, வேறென்ன?" பக்கத்தில் நின்ற சேந்தன் சிரித்தபடி, அழைப்பைத் துண்டிக்க அடுப்பின் குறுக்கே கையை நீட்டினான்.

அந்தக் கையை யாரோ பிடித்துத் தோசைக்கல்லில் வைத்து அழுத்தினார்கள். அவன் அலறிய பிறகுதான் அழுத்துவது தன் கைகள்தான் என்று தேன்மொழிக்குத் தெரிந்தது.

"ஐயையோ, மாப்ள ஏன்டி கத்துறாரு? ஸ்பீக்கர அணைச்சுட்டுச் சொல்லுடி!"

அணைக்க ஒரு கை வேண்டும். அவளுடைய இரண்டு கைகளும் இன்னும் அவன் கையின்மேலேயே இருந்தன.