கதவு மாட்ட வந்தவள்

"ஸ்க்ரூவெல்லாம் எங்கயோ தொலஞ்சு போச்சும்மா," என்றார் ஃபெர்கஸ்.

ராவினியா கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"மூணு சைஸ்லயும் கொண்டு வந்திருக்கேன். எது சேருதோ பாத்துக்கலாம்."

ஃபெர்கஸ் பொட்டலத்தைப் பார்த்தார். அவரிடம் அடுத்த சாக்கு தயாராக இல்லை.

கொட்டகையிலிருந்து இருவரும் தூக்கி வந்த கதவு நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றது. அதன் ஓரத்தில் ஆட்டு ரோமம் ஒட்டியிருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவருடைய பதினாறு வயது மகள் பிரையனி சாகப் பார்த்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த கையோடு ஃபெர்கஸ் கதவைக் கழற்றினார். சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அறைக்கு எதிரே போட்டார். பதினோரு வாரமாக இரவெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். விடியுமுன் எழுந்து பால் டேங்கர் ஓட்டப் போகிறார். கதவை மாட்டச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி அலுத்துவிட்டாள். இன்றும் வேலைக்குப் போகுமுன் வீட்டிலிருப்பவர்களுக்கு சீஸ் ரோல் சுட்டு வைத்துவிட்டு, "உங்களாலயாவது முடியுதான்னு பாருங்க" என்றுதான் ராவினியாவிடம் போனில் சொன்னாள்.

இளம்பிள்ளைகளின் மனநல மையத்தில் குடும்பங்களைக் கவனிப்பது ராவினியாவின் வேலை. பிள்ளைக்கு டாக்டர் இருக்கிறார். அப்பா அம்மாவுக்கு அவள். சவுத்லாண்ட் வட்டாரத்தில் பாதிப் பண்ணை வீட்டு நாய்கள் அவள் காரைப் பார்த்துக் குரைப்பதில்லை. காரின் பின் இருக்கையில் கோப்புகளோடு ஒரு டிரில்லும் கிடக்கும். பயந்துபோன அப்பாக்கள் முதலில் கைவைப்பது கதவில்தான். கழற்ற எல்லோருக்கும் தெரிகிறது. திரும்ப மாட்டத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்த வருடத்தில் இது அவளுக்கு நான்காவது கதவு.

அவசரப்பட்டு அவள் வரவில்லை. டாக்டர்கள் கூடிப் பேசி, மாட்டலாம் என்று சொல்லியாயிற்று. மாத்திரைகள் பூட்டிய பெட்டிக்குள் போய்விட்டன. உள்தாழ்ப்பாளைச் சற்று முன்புதான் அவளே கழற்றிக் கொட்டகையில் போட்டாள்.

"அவ கேட்டா உடனே குடுத்துடணுமா?" ஃபெர்கஸின் குரல் தணிந்திருந்தது. கதவில்லாத அறையில், அவர்களுக்கு முதுகு காட்டி, பிரையனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தன நாள்ல அவ கேட்டது இது ஒண்ணுதான்."

"என்னப் பத்தி உங்ககிட்ட என்ன சொல்றா?"

"அத சொல்ல எனக்கு இன்னும் அனுமதி இல்ல, ஃபெர்கஸ்."

அது அவருக்கும் தெரிந்ததுதான். வீட்டாரிடம் எதைச் சொல்லலாம் என்று மையத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்கும். அப்பா என்ற கட்டத்தில் பிரையனி எழுதியது: ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அது ஃபெர்கஸுக்கு ஆறாத வலி. அந்த வலியோடுதான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ராவினியா கீலைச் சட்டத்தில் வைத்து டிரில்லை அழுத்தினாள். கொஞ்சம் கோணலாகத்தான் அழுத்தினாள்.

"ஏம்மா, இப்படியா பிடிப்பாங்க? கதவு தொங்கிடும்."

"அப்படியா?" இன்னும் கோணலாக்கினாள்.

"குடுங்க இப்படி."

டிரில் கை மாறியது. ராவினியா கதவின் அடியில் காலை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டாள். முந்தைய மூன்று கதவுகளையும் அவள் மாட்டியது இப்படித்தான்.

மூன்று கீல்கள், பன்னிரண்டு ஸ்க்ரூ. கடைசி ஸ்க்ரூவையும் ஃபெர்கஸ் முடுக்கினார். கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லாமல் ஆடியது.

பிரையனி எழுந்து வந்தாள். அப்பாவை ஒரு கணம் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

ஃபெர்கஸ் உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்து அப்படியே நின்றார். மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் திரும்பி வந்திருந்தது. நான்காவது கதவானாலும் இந்த இடம் மட்டும் ராவினியாவுக்குப் பழகவில்லை.

ஸ்க்ரூ இருந்த அதே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"இன்னிக்குக் காலையில படிவத்த மாத்தி எழுதிக் குடுத்தா. அப்பா கட்டத்துல ஒரே ஒரு விஷயம். கதவு சாத்தின பிறகுதான் சொல்லணும்னு கண்டிஷன்."

ஃபெர்கஸ் கதவிலிருந்து கையை எடுக்காமல் திரும்பினார்.

ராவினியா படித்தாள்.

"கதவு இல்லாததுனால எனக்கு எல்லாம் கேக்குது. நாற்காலி கிரீச்சுன்னு ராத்திரியெல்லாம் கேக்குது. போன வாரம் தூக்கக் கலக்கத்துல டேங்கர் ரோட்ட விட்டுப் புல்லுல இறங்கிடுச்சுன்னு அப்பா யார்கிட்டயோ போன்ல சொன்னதும் கேட்டுச்சு. அம்மாகிட்ட சொல்லாதன்னு கெஞ்சினதும் கேட்டுச்சு. கதவ நான் எனக்காகக் கேக்கல. அது இருந்தாத்தான் அப்பா போய்ப் படுப்பாரு."

ஃபெர்கஸின் கை கதவிலிருந்து மெல்ல இறங்கியது. டேங்கர் விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பதினோரு வாரத்தில் அவள் அவரிடம் தானாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"அப்பா, இன்னும் நாற்காலியத் தூக்குற சத்தம் கேக்கலையே."

ஃபெர்கஸ் நாற்காலியைத் தூக்கினார்.