உள்ளதைச் சொல்லிவிடு

"ரெண்டு கையையும் ஸ்டீயரிங் மேலயே வை. எதிர்த்துப் பேசாத. கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லிடு," என்று பக்கத்து சீட்டிலிருந்து மனைவி சுஜி கிசுகிசுத்தாள்.

பெருங்களத்தூர் சிக்னலில் சிவப்பு விழுந்த பிறகும் காரை விட்டவன் ஷெர்வின்தான். ஓரங்கட்டச் சொன்ன சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னலருகே வந்தார்.

"வணக்கம் சார். தப்பு என் மேலதான்."

"காலையிலேர்ந்து 'நான் யாரு தெரியுமா'ன்னு கேட்டவங்களைத்தான் பார்க்கறேன். நீங்க வித்தியாசமா இருக்கீங்களே! அப்படி என்ன அவசரம்?"

"ஊரப்பாக்கத்துல வாடகை வீடு பார்க்கப் போறோம் சார். இருக்கற வீட்டை ஞாயித்துக்கிழமை காலி பண்ணணும். இருபத்திரெண்டு வீடு பார்த்துட்டோம், ஒண்ணும் அமையல. இது ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சு நிமிஷம், நல்ல தண்ணி, கார் நிறுத்தவும் இடம் இருக்கு. முதல்ல பேசி முடிக்கறவங்களுக்குத்தான் வீடுன்னு ஓனரம்மா சொல்லிட்டாங்க."

"எல்லாரும் இப்படித்தான் கதை விடறாங்க."

ஷெர்வினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டு வாசலில் தொங்கிய 'டு-லெட்' போர்டை நண்பன் எடுத்து அனுப்பியிருந்த போட்டோவைப் போனில் காட்டினான். சப்-இன்ஸ்பெக்டர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு லைசென்ஸை வாங்கிக்கொண்டு, தன் போனில் பேசியபடியே ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

"போச்சு! வண்டி நம்பரை விசாரிக்கறாரு."

"நீ கம்முனு இரு. மரியாதையா நடந்தா ஒண்ணும் ஆகாது," என்றாள் சுஜி.

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து லைசென்ஸை நீட்டியவரின் முகமெல்லாம் சிரிப்பு.

"உண்மையைச் சொன்னீங்க, அதனால விட்டுடறேன். அபராதம் கிடையாது. இனிமே சிக்னலை மதிங்க. அவசரமே வேணாம், நாப்பதைத் தாண்டாம பொறுமையா போங்க."

போலீஸிலும் இப்படி ஒரு தங்கமான மனிதரா! ஷெர்வினுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சுஜி வழியெல்லாம் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வந்தாள். கார் நாற்பதைத் தாண்டவே இல்லை.

வீட்டு வாசலில் ஓனர் கங்கையம்மாள் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வீடு பார்க்க வந்திருக்கோம்…"

"பெருங்களத்தூர் சிக்னல்ல நிக்கிற எஸ்.ஐ. ஒருத்தரு, இப்பதான் போன்லயே வூட்டைப் பேசி முடிச்சாரு தம்பி!"