அட்டையில் ஒரு கறை

ஏதென்ஸ் நகரின் பழம்புத்தகக் கடையில், கடைக்காரர் ஸ்த்ராதிஸ் அந்தக் கனத்த கிரேக்க நூலை மெல்லத் திருப்பினார். எதிரே அதை விற்க வந்த முதியவள் எவந்தியா.

"வெனிஸ்ல அச்சானது. ஐந்நூறு வருஷம் இருக்கும். உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு, எவந்தியாம்மா? பழைய கதை இருந்தா நல்ல விலை போகும்."

"அப்பா துருக்கிக் கரையில, ஸ்மிர்னா ஊர்ல வாத்தியார். அவரோடது. துருக்கிப் படை வந்து ஊர் எரிஞ்சப்போ அம்மாதான் படகுல கொண்டுவந்தா."

"நகைநட்டை விட்டுட்டுப் புத்தகத்தையா? என்ன மனுஷி!"

"ஜெர்மன்காரன் இந்த ஊரைப் பிடிச்சிருந்த காலத்துப் பஞ்சத்துலகூட விக்க மாட்டேன்னுட்டா. ஆனா சாகுற வரைக்கும் ஒரு தடவையும் திறக்கல."

"அவ்வளவு பக்தி! 'தாய் ஒருத்தி பிள்ளையைப் போல் நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றிய நூல்'னு விளம்பரத்துல போட்டுடலாம். அட்டையில இருக்கிற இந்தக் கறைதான் இடிக்குது. என்னத்தைக் கொட்டினீங்க?"

எவந்தியா கறையையே பார்த்தாள்.

"படகுல மூட்டை முடிச்சு ஏத்த மாட்டோம்னாங்க. தம்பி அப்போ கைக்குழந்தை; அதனால அப்பா புத்தகத்தையும் அவனோட இன்னொரு போர்வையில அவனை மாதிரியே சுத்தினார். கரையில சிப்பாய்ங்க ஆம்பளைங்களை நிறுத்திட்டாங்க. அந்தத் தள்ளுமுள்ளுல, கையில இருந்த ரெண்டுல ஒண்ணை மட்டும்தான் அம்மாகிட்டக் குடுக்க முடிஞ்சது. படகு கிளம்பிடுச்சு. அப்பாவை அப்புறம் நாங்க பாக்கவே இல்ல."

ஸ்த்ராதிஸ் நூலின் மீதிருந்த கையை எடுத்தார்.

"நடுக்கடல்ல தம்பி பசியா இருப்பான்னு அம்மா சட்டைப் பொத்தானைக் கழட்டிட்டு, போர்வையை விலக்கினா. பிள்ளையைப் போலன்னே போட்டுக்கோங்க, ஐயா. அட்டையில கொட்டினது பால்."